வெள்ளி போன தூரம்

ஜூலை 9, 1913. புதன்

விடியலிலிருந்து சாரல். மேல்காற்று. கொடியில் கிடக்கும் துணி இன்னும் ஈரம். குழந்தை கிருபாவின் அரைத்துணிகளை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டேன். காய்ந்தது, ஆனால் எல்லாம் புகை வாடை. ஆற்றில் புது வெள்ளமாம், தண்ணீர் செம்மண் நிறமாம். பால்காரி சொன்னாள். அவள் பாலும் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தது போலத்தான் இருந்தது.

கல்லூரியில் என் வீட்டுக்காரருடைய பௌதிக அறை ஒழுகுகிறது. அதனால் மின்சாரத்தின் வேகத்தைக் கூட்டும் காயில், பாட்டரி, வெள்ளிக் குழல் எல்லாம் நேற்று மாட்டுவண்டியில் வீட்டுக்கு வந்து நடு அறையை அடைத்துக்கொண்டன. குழல் முழ நீளக் கண்ணாடி. உள்ளே இருந்த காற்றைக் கல்லூரிப் பம்பில் இழுத்துவிட்டு, மிச்சம் கொஞ்சத்தோடு வாயை உருக்கி மூடியது. இரண்டு முனையிலும் தகடு. எதிர்முனைத் தகடு வெள்ளி. கிருபாவின் அறுந்துபோன தண்டை அது. தட்டாரிடம் கொடுத்து வட்டமாக அடித்து வாங்கினார். மாதக்கணக்காக மின்சாரம் விட்டதில் அந்தப் பக்கத்துக் கண்ணாடி உள்ளே கறுத்துவிட்டது. தகட்டிலிருந்து வெள்ளி அணுக்கள் பெயர்ந்து போய் ஒட்டிக்கொள்கின்றன. எவ்வளவு தூரம் போகின்றன, எங்கே நெருக்கம், எங்கே மெலிவு, இதுதான் அவர் இந்த வருஷம் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி.

அவருடைய அக்கா, எங்களோடு இருக்கும் மைனி, குழலைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "பிள்ளை கால் வெள்ளியக் கொண்டு போயி கண்ணாடில அப்பிட்டு, எவ்வளவு தூரம் போச்சுன்னு தேடுதானே எந்தம்பி. நம்ம வீட்டுல தேடுததுக்கு வேற தொலஞ்சதே இல்லியா?"

என் கேள்வி வேறு. மார்ச்சில் கிருபாவுக்கு மணல்வாரி அம்மை. பிறகு இரண்டு காதிலும் சீழ். சீழ் நின்றுவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் "ப்பா", "க்கா", "தா" எல்லாம் சொன்னவள் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. ஒன்றரை வயது ஆகப்போகிறது. காது கேட்கிறதா?

எழுதிவிட்டேன். இதுவரை எழுதவில்லை. எழுத்தில் பார்க்க இன்னும் மோசமாக இருக்கிறது.

வாங்க: கருப்பட்டி, விளக்கெண்ணெய், திரி.


ஜூலை 10. வியாழன்

ராத்திரி தூக்கமில்லை. அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். சளி இல்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டே.

மத்தியானம் ஜன்னல்களை அடைத்து, இடுக்குகளில் என் கறுப்புச் சேலையைத் திணித்து, மின்சாரம் விட்டுக் குழலை ஏற்றினார். நான் படித்த எஃப்.ஏ. வகுப்பில் படம் மட்டும்தான் பார்த்தேன். நிஜத்தில் அது வேறு. நேர்முனையிலிருந்து பாதிக்கு மேல் ரோஜா நிறம். அதுவும் ஒரே சீராக இல்லை, அப்பளம் அடுக்கினது போலத் தட்டுத் தட்டாக. அப்புறம் ஓர் இருட்டு இடைவெளி. அதையும் தாண்டி ஊதா கலந்த நீலம், வெள்ளித் தகட்டைச் சுற்றி.

"அந்த இருட்டுல ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டேன்.

"குழல் முழுக்க ஒரே காத்துதானே எஸ்தர். நடுவுல சுவரா எழுப்பியிருக்கு? அங்கனயும் அணு இருக்கு. ஒளி விடல, அவ்வளவுதான்."

"ஏன் விடல?"

"அது எனக்கு முழுசாத் தெரிஞ்சா நான் ஏன் ஒழுகுத அறையில உக்காந்து பாடம் நடத்துதேன்?"

காற்று எல்லா இடத்திலும் இருக்கிறது, சரி. வெள்ளி? அது மட்டும் இருட்டு இடைவெளியின் ஓரத்தில் நின்றுவிடுகிறது என்று அவருக்குச் சந்தேகம். வேலி போட்டது போல. அப்படி என்றால் அது பெரிய விஷயமாம். இருபத்தைந்தாம் தேதி கல்லூரி விஞ்ஞான சங்கத்தில் வாசிக்கப்போகிறார்.

இன்றைக்கு எழுத வேண்டியது இதுதான்: காயில் ஓடத் தொடங்கினபோது, வண்டு டப்பாவுக்குள் மாட்டினது போல ர்ர்ர் என்று சத்தம். மைனி மடியில் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்த கிருபா உடனே திரும்பினாள். உடனே. அவர் என்னைப் பார்த்தார்.

"பாத்தியா? கேக்குதா இல்லியா?"

"நான் தெனம் சொல்லுதேன்," என்றார் மைனி. "நான் கூப்பிட்டா திரும்புதா. உனக்கு எதையாவது போட்டு மனச உருட்டிக்கிட்டே இருக்கணும்."

திரும்பினாள். நானே பார்த்தேன். இன்று தூங்குவேன்.


ஜூலை 12. சனி

நேற்று எழுதவில்லை, தூங்கிவிட்டேன். கி. வெல்லக் கட்டியை எறும்போடு வாயில் போட்டுக்கொண்டாள். எறும்பு அவள் உதட்டைக் கடித்தது. அழுதாள். அழுகைக் குரல் நன்றாகத்தான் இருக்கிறது.

வெள்ளி அளக்கும் வேலை. கருவி ஒன்றும் கிடையாது. அவர் கண்டுபிடித்த வழி: குழலை அச்செழுத்தின் மேல் படுக்கவைத்து, கறுத்த கண்ணாடி வழியாக வாசிப்பது. வெள்ளி கனமாகப் படிந்த இடத்தில் எழுத்து தெரியாது. மெலிந்த இடத்தில் தெரியும். எங்கள் கோயில் பாட்டுப் புத்தகம் அதற்கு வாகு. தலைப்பு பெரிய எழுத்து, பாட்டு நடுத்தரம், ராகத்தின் பெயர் பொடி எழுத்து. மூன்று அளவும் எந்த எந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன என்று குழலில் மையால் கோடு போட வேண்டும்.

அவர் தனியாகப் பார்த்தார். நான் தனியாகப் பார்த்தேன், அவர் கோட்டைத் துடைத்துவிட்டு. இரண்டும் ஒன்றே. ஆச்சரியம் என்னவென்றால் பெரிய எழுத்து, நடு எழுத்து, பொடி எழுத்து மூன்றும் ஒரே இடத்தில் தெரிகின்றன. இந்தப் பக்கம் கறுப்பு, அந்தப் பக்கம் தெளிவு. இருட்டு இடைவெளி தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில். வேலிதான்.

அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷம். சோற்றில் மோருக்குப் பதில் கஞ்சித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அதையும் குடித்தார்.

எனக்கும் பெருமைதான். ஒன்றரை வருஷமாகப் பால், பீ, மூத்திரம். இன்று என் கண்ணுக்கும் ஒரு வேலை இருந்தது.

சாயங்காலம் மைனி வெண்கலக் கும்பாவைக் கரண்டியால் தட்டினார். கி. திரும்பினாள். ஆனால் விளக்கு மைனிக்குப் பின்னால் இருந்தது. மைனியின் கை நிழல் அவள் முன் சுவரில் ஆடியது. இதை ஏன் கவனித்தேன்? கவனிக்காமல் இருந்திருக்கலாம்.


ஜூலை 13. ஞாயிறு

கோயில். மழையால் கூட்டம் குறைவு. எல்லாருடைய குடையிலிருந்தும் நீர் சொட்டி, முன் வரிசை வரை வாய்க்கால்.

இன்று மணிக்கூண்டுக்கு அடியில் உள்ள வாசல் வழியாக நுழைந்தோம். கி. என் தோளில் தூக்கம். சரியாக அப்போது மணி அடித்தது. எனக்கே உடம்பு தூக்கிப்போட்டது. அவள் இமை அசையவில்லை.

உபதேசியார் மனைவி சிரித்தாள்: "எம்மா, என்ன தூக்கம். குடுத்துவச்சவ நீ. எம் புள்ளைங்க எலி ஓடுனா எந்திரிக்கும்."

நானும் சிரித்தேன். பிரசங்கம் ஒரு வார்த்தை ஏறவில்லை. பாட்டு மட்டும் வாய் தானாகப் பாடியது, புத்தகத்தை விரிக்கவே இல்லை.

தூங்கும் பிள்ளைக்கு ஒன்றும் கேட்காது. களைப்பு. குளிர்காற்று. காரணங்கள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கின்றன.


ஜூலை 14. திங்கள்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

அவர் கல்லூரிக்குப் போனபின் குழலை இன்னொரு முறை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆள் ஒருவர் பார்த்தால் சங்கத்தில் இன்னும் உறுதியாகச் சொல்லலாம் என்று அவர் சொல்லியிருந்தார். மைனி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இங்க குடுளா. ஒரு பாட்டு வாசிக்க உனக்கு இவ்வளவு நேரமா? காலேசுல என்னதான் சொல்லிக் குடுத்தாவ?"

கையைச் சேலையில் துடைத்துவிட்டு வந்து குனிந்தார். வேண்டுமென்றே நன்றாகக் கறுத்த இடத்தை அவர் முன்னால் வைத்தேன். தயங்கவே இல்லை. பாட்டில் மூன்று அடி வாசித்தார், இல்லை, பாதி பாடினார். பொடி எழுத்தில் உள்ள ராகத்தையும் சொன்னார்.

அப்போதுதான் பார்த்தேன், மூக்கில் கண்ணாடி இல்லை.

"மைனி, கண்ணாடி எங்க?"

"நேத்துக் கோயில்லயே வச்சிட்டு வந்துட்டேம்லா. மணியடிக்கிற கோயில்பிள்ளை எடுத்து வச்சிருக்கானாம், சாயந்தரம் கொண்டு வருவான்."

"கண்ணாடி இல்லாம உங்களுக்கு அரிசியில கல்லே தெரியாதே. இத எப்படி வாசிச்சீங்க?"

"எழுத்து நல்லாத் தெரியுதேட்டி. இந்தா." மறுபடியும் பாடினார்.

சிரிப்பு அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மைனிக்குக் கோபம். பொய் சொல்லவில்லை அவர். அவருக்கு உண்மையாகவே தெரிந்தது. சனிக்கிழமை எனக்கும் தெரிந்தது, அவர் தம்பிக்கும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிலிருந்து பாடிவரும் பாட்டு. கறுப்பு வழியாக ஒரு எழுத்தின் கொம்பு தெரிந்தால் போதும், மிச்சத்தை நாங்களே போட்டுக்கொண்டோம். அதனால்தான் பெரிது, நடு, பொடி எல்லாம் ஒரே இடத்தில். வேலி கண்ணாடியில் இல்லை.

புத்தகத்தின் கடைசித் தாளில் அச்சுக்கூடத்து விலைப்பட்டியல் இருக்கிறது. யாரும் வாசிக்காத தாள். அதிலும் மூன்று அளவு எழுத்து. அதன் மேல் குழலை வைத்தேன். பெரிய எழுத்து ஓரிடத்தில், நடு எழுத்து இரண்டு விரல் தள்ளி, பொடி எழுத்து அதையும் தாண்டி எங்கேயோ. வேலி இல்லவே இல்லை. பைய பைய மெலிகிறது.

சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். கி. பின்கட்டு வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைனி உள்ளிருந்து, "கிருபா, ஏளா கிருபா," என்றார். கி. திரும்பவில்லை. ஈரத் தரையில் மைனி நடந்து வந்தார். திரும்பினாள்.

"கேட்டியா? கூப்பிட்டதும் திரும்புதா," என்றார் மைனி.

சிரிப்பு போய்விட்டது.


ஜூலை 15. செவ்வாய்

சாரல் விட்டது. வெயில். எல்லாத் துணியும் காய்ந்தது. இது ஒன்றுதான் நல்ல செய்தி.

நேற்று ராத்திரியே அவரிடம் வெள்ளிக் கதையைச் சொன்னேன். நம்பவில்லை. காலையில் தாமே விலைப்பட்டியலை வைத்துப் பார்த்தார். மூன்று கோடு, மூன்று இடம். எழுதிவைத்திருந்த கட்டுரையை நாலாக மடித்து அடுப்பு பற்றவைக்கக் கொடுத்தார். அப்புறம்தான் சிரித்தார்.

"இந்த ஊர்ல இந்தப் புஸ்தகத்த வச்சு அளந்தா, கரும்பலகைக்குப் பின்னால வச்சாலும் வாசிச்சிருவோம். நல்ல வேளை, சங்கத்துல போயி வேலி கட்டல."

வெள்ளி இருட்டு இடைவெளிக்குள்ளும் போகிறது. நெருக்கம் குறைந்து, ஆனால் போகிறது. அதைத் தாண்டி ரோஜா வெளிச்சத்துக்குள்ளும். இது வேலியைவிட நல்ல முடிவு என்கிறார். இப்போதுதான் உண்மையான கோடு கிடைத்திருக்கிறதாம். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் சொன்னேன். "கிருபாவையும் அதே மாதிரித்தான் நாம வாசிக்கோம்."

புரியாதது போல் பார்த்தார். புரிந்தது.

"அன்னைக்குக் காயில் சத்தத்துக்குத் திரும்புனாளே."

"இருட்டு அறை. குழல்ல வெளிச்சம் வந்துது. கதவுல ரோஜா நிறம் விழுந்துது. அதுக்குத் திரும்பியிருக்கலாம். மைனி நடந்து வந்தா தரை அதிருது. கும்பா தட்டுனா நெழல் ஆடுது."

"எல்லாத்தையும் இப்படிப் பிரிச்சுப் பாத்தா யாருக்குமே காது கேக்காது எஸ்தர்."

"பிரிச்சுப் பாக்கணும். வெளிச்சம் இல்லாம, அதிர்வு இல்லாம."

"பாத்து? கேக்கலன்னா என்ன செய்யப்போற?"

அவர் கொல்லைக்குப் போய் நின்றுகொண்டார். பிறகு சாப்பிட வரவில்லை. மைனி என்னிடம் பேசவில்லை, பாத்திரங்களிடம் பேசினார்: "பிள்ளைய வச்சுச் சோதனை செய்யுதாளாம். வெள்ளி போதாதுன்னு."

எனக்கும் பயம்தான். தெரியாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் அவள் கேட்கிற பிள்ளை.


ஜூலை 17. வியாழன்

நேற்று ஒன்றும் எழுதவில்லை. கி. தலைக்கு எண்ணெய் வைத்தேன். பல் ஒன்று புதிதாக முளைக்கிறது, கீழே இடதுபக்கம்.

இன்று மத்தியானம் அவர் சீக்கிரம் வந்தார். ஒன்றும் சொல்லாமல் காயிலிலிருந்து குழலைக் கழற்றி அலமாரியில் வைத்தார். காயிலை மரப்பெட்டிக்குள் இறக்கி, பெட்டிக்கு அடியில் தலையணை வைத்தார், தரைக்கு அதிர்வு போகாமல். மூடினார். பொறி வெளிச்சம் வெளியே வராது. அவரும் இரண்டு நாளாக இதையே யோசித்திருக்கிறார்.

கி.யைத் தொட்டிலில் உட்காரவைத்தேன். உத்தரத்திலிருந்து தொங்கும் சேலைத் தொட்டில். தரையில் யார் நடந்தாலும் அவளுக்குத் தெரியாது. ஜன்னலைப் பார்த்த முகம், எங்களுக்கு முதுகு. நான் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில், முகம் மட்டும் தெரியும்படி, அவள் பார்வைக்கு வெளியே. கையில் அவளுக்கு ஒரு மரக் கரண்டி.

மைனி வாசல் நிலையில், கையைக் கட்டிக்கொண்டு.

காயில்: ஓடியது. திரும்பவில்லை. நிறுத்தி மறுபடி. இல்லை. கரண்டியின் காம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவர் குரல், "கிருபா": இல்லை.

என் குரல்: இல்லை.

மைனி தானாக முன்னே வந்தார். அவளைத் தூங்கவைக்கப் பாடும் பாட்டைப் பாடினார். நல்ல கனத்த குரல் அவருக்கு. ஒரு சரணம் முழுக்க. கி. கொட்டாவி விட்டாள். மைனி அடுத்த சரணத்தைப் பாதியில் நிறுத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

வெண்கலக் கும்பா, நானே சுவரிலிருந்து நகர்ந்து, இடது காதுக்கு ஒரு சாண் பின்னால், ஓங்கி: விரல் நின்றது. கரண்டியில் தடவிக்கொண்டிருந்த விரல். திரும்பவில்லை, நின்றது. மறுபடி அடித்தேன்: நின்றது போல். மறுபடி: இல்லை.

"நின்னுதுல்லா? நீ பாத்தேல்லா?" என்றார் அவர்.

"ஒருக்கா நின்னுது. ஒருக்கா நின்ன மாதிரி இருந்துது. ஒருக்கா இல்ல," என்றேன்.

"சரி," என்றார். "அப்படியே எழுது."

எழுதிவிட்டேன். இல்லாத எழுத்தைச் சேர்க்கவில்லை.

அதன் பிறகு முன்பக்கம் போய் அவள் எதிரே குனிந்தேன். என்னைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. எத்தனை நேரம் நாங்கள் அங்கே இருந்தோம் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.


ஜூலை 18. வெள்ளி

ஆஸ்பத்திரி. டாக்டரம்மா காதில் விளக்கடித்துப் பார்த்தார். சவ்வு இரண்டு பக்கமும் அரித்துவிட்டது, உள்ளேயும் கெட்டிருக்கும் என்றார். இடது பக்கம் துளி மிச்சம் இருக்கலாம். மருந்து இல்லை. சீழ் மறுபடி வந்தால் உடனே கொண்டுவர வேண்டும், காதில் எண்ணெய் விடவே கூடாது.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க? வழக்கமா நாலு அஞ்சு வயசுலதான் கொண்டுவருவாங்க, ஊமைன்னு சொல்லிக்கிட்டு," என்றார். தொட்டிலையும் பெட்டியையும் பற்றிச் சொன்னேன். இந்த வயதில் தெரிந்தது நல்லது, இப்போதிருந்தே அவள் முகத்துக்கு நேரே பேசுங்கள், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும் என்றார்.

திரும்பும் வழியில் செவிட்டுப் பிள்ளைகள் பள்ளி. இதே ஊர். எஃப்.ஏ. படித்தபோது தினமும் இதன் மதிலை ஒட்டித்தான் நடந்தேன். உள்ளே சத்தமே இல்லாததால் விடுமுறை என்று நினைத்துக்கொள்வோம். இன்று வண்டியை நிறுத்தச் சொல்லிக் கதவு இடுக்கில் பார்த்தேன். வேப்பமரத்தடியில் பெரிய பெண்கள் ஏழெட்டுப் பேர், கையால் ஏதோ சண்டை. ஒருத்தி மற்றவளை என்னவோ சொல்ல, எல்லாரும் தோள் குலுங்கச் சிரிக்கிறார்கள். என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை.

வீட்டில் மைனி காய்ச்சி வைத்திருந்த காது எண்ணெயைக் கொல்லையில் ஊற்றினார். நான் சொல்லாமலே.

அழுதேன். இங்கே அதை நீட்டி எழுதப் போவதில்லை.


ஜூலை 19. சனி

மறுபடி சாரல். அரைத்துணி மறுபடி அடுப்பு மேல்.

அவர் புதிய கட்டுரையைத் தொடங்கிவிட்டார். முதல் பக்கத்தில் தாம் செய்த தவறை எழுதியிருக்கிறார், பாட்டுப் புத்தகத்தையும் சேர்த்து. "அக்கா பேரையும் போடட்டுமா?" என்றதற்கு மைனி, "போடு, கண்ணாடி இல்லாம வாசிச்சாளாம்னு போடு. ஊரு சிரிக்கட்டும். ஏலே, கண்ணாடி வாங்கித் தந்தவன் நீதானே," என்றார். மூன்று நாளில் வீட்டில் முதல் சிரிப்பு.

இன்று முதல் மைனி கி.யைப் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போய், குனிந்து, பிறகுதான் கூப்பிடுகிறார். முட்டிவலியோடு. நாள் முழுக்க.

மத்தியானம் ஜன்னல்களை அடைத்துக் குழலை ஏற்றினார். கி. என் மடியில். சின்ன விளக்கை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன், டாக்டரம்மா சொன்னபடி. அவளுக்கு ஒளி வந்ததும் உடம்பே துள்ளுகிறது. ரோஜாவைக் காட்டினாள். "ரோஜா," என்றேன். நீலத்தைக் காட்டினாள். "நீலம். உன் தண்டை அங்கனதான் இருக்கு," என்றேன். அப்புறம் விரலை நகர்த்தி நடுவில் உள்ள இருட்டைக் காட்டினாள். காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அங்கனயும் இருக்கு, உன் வெள்ளி," என்றேன்.

விரலை எடுக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை சொன்னேன், பைய. அவள் உதடு இரண்டும் பிரிந்தன, என்னுடையதைப் போலவே. சத்தம் ஒன்றும் வரவில்லை. நான் மறுபடி விளக்குக்குப் பக்கம் முகத்தைக் கொண்டுபோய்ச் சொன்னேன்.